சட்டைப் பையில் புளியமுத்து

கேள்வி: என் மகனுக்கு 4 வயது 3 மாதம். பாளையங்கோட்டையில் எல்.கே.ஜி. படிக்கிறான். இந்த வருஷத்திலிருந்து பள்ளியில் விளையாட்டு வழிக் கல்வி என்று சொல்லி, காலை முழுக்க வேப்பமரத்தடி மண்ணில் விட்டுவிடுகிறார்கள். வீட்டுப்பாடமே கிடையாது. பக்கத்து வளவில் இதே வயதுப் பிள்ளை 100 வரை எழுதுகிறது. இவனுக்கு ‘அ’ கூட வரவில்லை. தினமும் சட்டைப் பை நிறையப் புளியமுத்தும் கல்லும் கொண்டுவருகிறான். வாசலிலேயே உதறிவிட்டுத்தான் உள்ளே விடுவேன். என் அத்தை அவற்றை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்துவைத்திருந்தார்கள். போன வாரம் அவர்களுக்குத் தெரியாமல் அதையும் குப்பையில் கொட்டினேன். போனைக் கொடுத்தால் மட்டும் அழுக்காகாமல் ஓர் இடத்தில் இருக்கிறான். ஒன்றரை வயதில் ஒரு மகளும் உண்டு. பள்ளியை மாற்றிவிடலாமா?

பதில்: ஆனி, ஆடி மாதங்களில் இந்தக் கடிதம் தவறாமல் வரும். ஊர்ப் பெயர் மட்டும் மாறும். பள்ளியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்.

அத்தைக்குத் தெரியாமல் கொட்டியதாக எழுதுகிறீர்கள். அவருக்குத் தெரியும். பேரனுக்கென்று சேர்த்த பாட்டில் காலியானது ஆச்சி கண்ணில் படாமல் போகுமா? மருமகளிடம் கேட்டால் சண்டையாகும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்.

அதில் என்ன இருந்தது தெரியுமா? உங்கள் மகன் மரத்தடியில் குனிந்து ஒன்றை எடுக்கிறான், ஒன்றை விடுகிறான். சொத்தை வேண்டாம், வழவழப்பானது வேண்டும். பெரியது இந்தப் பைக்கு, சிறியது அந்தப் பைக்கு. கணக்கு இப்படித் தரம் பிரிப்பதில்தான் தொடங்குகிறது. வீட்டுப்பாடம் இல்லை என்று குறைப்படுகிறீர்களே, அவன் தினமும் கொண்டுவந்த வீட்டுப்பாடத்தைத்தான் வாசலில் உதறியிருக்கிறீர்கள்.

பக்கத்து வளவுப் பிள்ளை முன்னால் 10 புளியமுத்தை வைத்து, “5 எடுத்து ஆச்சிகிட்ட கொடு” என்று சொல்லிப் பாருங்கள். 100 வரை கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளைகளில் பலர் 5-இல் நிறுத்தாமல் மொத்தத்தையும் அள்ளிக் கொடுப்பார்கள். எண்ணின் பெயர் தெரிந்திருக்கும், எண்ணி நிறுத்தத் தெரியாது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. நீங்கள் எதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

இன்று சாயங்காலமே அத்தையிடம் போய், “கொட்டினது தப்புத்தான் அத்தை, மறுபடியும் சேர்ப்போம்” என்று சொல்லுங்கள். பிள்ளை வளர்ப்பில் ஆச்சிக்குப் பங்கு உண்டு. அதைப் பிடுங்க மருமகளுக்கு உரிமை கிடையாது.

பாட்டில் மறுபடி நிறைந்ததும் பல்லாங்குழி ஆடச் சொல்லுங்கள். முழு ஆட்டத்துக்கு 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 முத்து. இவனுக்கு 7 குழி, குழிக்கு 2 போதும். கட்டை இல்லையென்றால் முட்டை அட்டையை வெட்டிக்கொள்ளலாம். ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். இப்போதைக்கு அவ்வளவுதான் விதி. பெரியவர்கள் நடுவில் “தப்பு, தப்பு” என்று கையைப் பிடிக்கும்போதுதான் இந்த ஆட்டம் கெடும். ஒரு குழியைத் தாண்டிப் போனாலும் விட்டுவிடுங்கள். ஆச்சி தன் முறையில் சரியாகப் போடுவதைப் பார்த்தே திருத்திக்கொள்வான். கால் மணி நேரம் போதும், அவன் எழுந்து ஓடினால் ஓடட்டும்.

உதறுவதற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. அதை நீங்கள் எழுதவே இல்லை. ஒன்றரை வயதுக் குழந்தை எதையும் வாயில் போடும். புளியமுத்து மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால் மூடி இறுக்கிய பாட்டில் அலமாரியின் மேல் தட்டில் இருக்கட்டும். மகள் தூங்கும்போது மட்டும் ஆட்டம். முடிந்ததும் எண்ணி உள்ளே போடச் சொல்லுங்கள், அதுவும் கணக்குத்தான். கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி, மஞ்சள் அரளிக் கொட்டை, ஆமணக்கு முத்து, இந்த மூன்றும் கடித்து விழுங்கினால் கொல்லும் விஷம். பையில் இவற்றைக் கண்டால் எறியுங்கள், எந்த மரத்தடியில் கிடைத்தது என்று பள்ளியிலும் சொல்லுங்கள்.

‘அ’ எழுத வரவில்லை என்பது ஒரு குறையே இல்லை. மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. 4 வயதில் எக்ஸ்ரே எடுத்தால் ஏறக்குறைய பாதிதான் எலும்பாகத் தெரியும், மீதி இன்னும் குருத்தெலும்பு. அந்தக் கையில் பென்சிலைத் திணித்தால் முஷ்டியால் இறுக்கிப் பிடிப்பான். அந்தப் பிடி பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. முதலில் விரலுக்கு வலு வரட்டும். ஈரத்துணி பிழியட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும், பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முத்தை எடுத்துக் குழியில் போடட்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால்தான் எழுதப் பழகினார்கள். ஒரு தாம்பாளத்தில் அரை அங்குலம் மணல் பரப்பி, கோடு சரியாமல் நிற்க லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். நேர்கோட்டு எழுத்தான ‘ட’, ‘ப’ முதலில். சுழியுள்ள ‘அ’ கடைசியில் வரட்டும்.

போன் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். 3, 4 வயதுக்கு நாளுக்கு 180 நிமிஷமாவது உடல் அசைய வேண்டும், அதில் 60 நிமிஷம் மூச்சு வாங்க ஓடியாடி இருக்க வேண்டும், திரை 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நீங்கள் மெச்சுகிற அந்தச் சுத்தம் பிள்ளை அசையாமல் கிடப்பதால் வருவது. உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. ஞாயிறு காலை 7 மணிக்கு மகனைத் தாமிரபரணிக் கரைக்குக் கூட்டிப் போவது அவர் கடமை. தண்ணீரில் இறக்காமல், கைக்கெட்டும் தூரத்தில், போனை வீட்டில் வைத்துவிட்டு.

பள்ளியை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஆனால் ஒரு நாள் 11 மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். ஆசிரியை பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பேசுகிறாரா, நாற்காலியில் இருந்து காவல் மட்டும் காக்கிறாரா? மணல்குழி இருந்தால் ஒரு அடி ஆழமாவது வேண்டும். ஆற்று மணலாக இருக்கட்டும். எம்-சாண்ட் என்றால் கல்தூள் பறக்கும், தோலையும் உரசும். இரவில் தார்ப்பாய் போட்டு மூடுகிறார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் நாயும் பூனையும் அசிங்கம் பண்ணி, புழு பிள்ளைகளுக்குத் தொற்றும். சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்கிறார்களா? இவற்றில் தவறினால் தலைமை ஆசிரியையிடம் நேரில் கேளுங்கள். விளையாட விடுவது வேறு, சும்மா விடுவது வேறு. சும்மா விடுகிற பள்ளி என்று தெரிந்தால் தாராளமாக மாற்றுங்கள்.

சட்டை அழுக்குக்கு ஒரு வழி. செம்மண்ணை ஈரத்தோடு தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். காயவிட்டு உதறி, பிறகு சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். அதற்கு முன் பையைத் தடவிப் பார்த்து, உள்ளே இருப்பதை அத்தை கையில் கொடுங்கள்.