இல்லுமினாட்டியும் ஒரு தமிழ்க் குரலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நண்பர்கள் குழுவில் ஒரு காணொளி சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் கடைசிப் படமான 'ஐஸ் வைட் ஷட்' (முகமூடிச் சடங்கு நடக்கும் மாளிகைக்குள் நுழைந்துவிடும் ஒரு நியூயார்க் மருத்துவனின் கதை), உலகை மறைவாக ஆள்வதாகச் சொல்லப்படும் இல்லுமினாட்டிகளின் ரகசியச் சடங்கை அம்பலப்படுத்தியதாம். அதனால்தான் அவரைக் கொன்றுவிட்டு 24 நிமிடக் காட்சிகளை வெட்டிவிட்டார்களாம். சடங்கு நடக்கும் மாளிகை ராத்சைல்ட் என்ற ஐரோப்பிய வங்கிக் குடும்பம் கட்டியது, பின்னணியில் ஒலிப்பது தலைகீழாக்கப்பட்ட கிறிஸ்தவ வழிபாடு, படம் வெளியான ஜூலை 16, குப்ரிக்தான் போலியாகப் படமெடுத்தார் என்று அவர்கள் சொல்லும் நிலவுப் பயணமான அப்பல்லோ 11 ஏவப்பட்ட நாள் என்றெல்லாம் அடுக்குகிறார்கள். சிரித்துவிட்டு நகர நினைத்தேன். ஆனால் தேடிப் பார்த்தால் மாளிகை, வழிபாடு, தேதி மூன்றுமே உண்மை! எல்லாம் தற்செயலா? படைப்பில் மறைபொருளைத் தேடச் சொல்பவர்தானே நீங்கள்?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

தேடிப் பார்த்தீர்களே, அதற்கே பாராட்டு. ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டீர்கள். இன்னும் நாலு அடி நடந்து பார்ப்போம்.

முதலில் மாளிகை. வெளியிலிருந்து காட்டப்படுவது இங்கிலாந்தின் மென்ட்மோர் டவர்ஸ். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ராத்சைல்ட் குடும்பத்துக்காகக் கட்டப்பட்டதுதான். ஆனால் 1978லேயே அது கைமாறிவிட்டது. வாங்கியது மகரிஷி மகேஷ் யோகியின் அமைப்பு. குப்ரிக் அங்கே கேமராவை வைத்தபோது அது ஆழ்நிலைத் தியானக்காரர்களின் இடம். கதாநாயகன் உள்ளே நுழைந்ததும் வேறு கட்டடம் வந்துவிடுகிறது. அது சஃபோக்கில் உள்ள எல்வெடன் ஹால். கோகினூர் வைரத்தைப் பறிகொடுத்த, சீக்கியப் பேரரசின் கடைசி மகாராஜா துலீப் சிங் வாங்கி, இந்தியப் பாணியில் மாற்றிக் கட்டிய வீடு. அவர் கல்லறையும் அந்த ஊர்த் தேவாலயத்தில்தான் இருக்கிறது.

அடுத்து ஓதும் குரல். ருமேனிய ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டைப் பின்னோக்கி ஓட்டியது உண்மை. ஆனால் அதைச் செய்தவர் ஜோஸலின் பூக் என்ற இசையமைப்பாளர், அதுவும் இந்தப் படத்துக்காக அல்ல. அவருடைய பழைய இசைத்துண்டை நடன இயக்குநர் ஒத்திகையில் ஒலிக்கவிட, அது குப்ரிக்குக்குப் பிடித்துப்போய் அவரையே அழைத்துக்கொண்டார். அதே மாளிகைக் காட்சியில் பூக்கின் இன்னொரு துண்டும் வரும். அதில் 'பரித்ராணாய சாதூனாம்' என்ற கீதைச் சுலோகம் இருந்தது. கலவிக் காட்சியின் பின்னணியில் கீதையா என்று இந்து அமைப்புகள் எதிர்த்தன, பின்னால் வந்த பிரதிகளில் சுலோகத்தை எடுத்துவிட்டார்கள். அதைப் பாடியவர் யார் தெரியுமா? மாணிக்கம் யோகேஸ்வரன். இலங்கைத் தமிழர்.

ஆக, யோகியின் மாளிகை, மகாராஜாவின் வீடு, கீதைச் சுலோகம், தமிழ்க் குரல். உங்கள் காணொளிக்காரரின் முறையை என்னிடம் கொடுத்தால், உலகை ஆட்டிப்படைப்பது நாம்தான் என்று பத்து நிமிடத்தில் நிறுவிக் காட்டுவேன். இன்னொன்றும் உண்டு. துலீப் சிங்குக்குப் பிறகு எல்வெடனை வாங்கியது கின்னஸ் பீர் குடும்பம். மிக நீண்ட தொடர் படப்பிடிப்பு, 400 நாள் என்று இந்தப் படத்துக்குச் சாதனை கொடுத்ததும் கின்னஸ் புத்தகம். அந்தப் புத்தகத்தைத் தொடங்கியதும் அதே பீர் கம்பெனிதான்! இதை இன்னும் யாரும் காணொளியாகப் போடவில்லை என்றால் எனக்குத்தான் ஆச்சரியம்.

மற்றவற்றைச் சட்டென்று முடித்துவிடலாம். 1999 ஜூலை 16 ஒரு வெள்ளிக்கிழமை, அமெரிக்காவில் புதுப்படம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வரும். குப்ரிக் மார்ச் 7 அன்று, படத்தைத் தயாரிப்பு நிறுவனத்துக்குப் போட்டுக்காட்டிய ஒரு வாரத்துக்குள், தூக்கத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 70. அந்த 24 நிமிடத்தைப் பார்த்தவர் எவருமில்லை. உண்மையில் நடந்தது, அமெரிக்கத் தணிக்கைச் சான்றிதழுக்காகச் சுமார் ஒரு நிமிடக் காட்சியில் கணினியால் ஆட்களை வரைந்து மறைத்தது. இல்லுமினாட்டி என்பது 1776இல் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் தொடங்கிய சங்கம். பத்தாண்டு முடிவதற்குள் அரசு தடை செய்துவிட்டது.

சரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மறைபொருள் தேடுவதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அந்தக் காணொளி படத்தைப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் புகார். இந்தக் கதை 1926இல் வியன்னா எழுத்தாளர் ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் வெளியிட்ட குறுநாவல். முகமூடி விருந்து, கடவுச்சொல், நாயகனுக்காகத் தன்னைப் பலிகொடுக்க முன்வரும் பெண், பிணவறை எல்லாம் அதிலேயே உண்டு. நியூயார்க் பெரும்புள்ளிகளின் ரகசியத்தைக் குப்ரிக் எங்கே திருடுவது? அவர் செய்த மாற்றங்களைப் பாருங்கள், அங்கேதான் தேட வேண்டும். ஷ்னிட்ஸ்லரின் கதை மாறுவேடத் திருவிழாக் காலத்தில் நடக்கிறது. குப்ரிக் அதைக் கிறிஸ்துமஸுக்கு நகர்த்தினார். வீடு, மருத்துவமனை, விலைமகளின் அறை என்று போகுமிடமெல்லாம் வண்ண விளக்குகள். சடங்கு மாளிகையில் மட்டும் இல்லை. ஏன்? நான் இதை நாலைந்து முறை யோசித்து நாலைந்து பதிலோடு நிற்கிறேன்.

அப்புறம் அந்த முகமூடி. நாயகன் வீடு திரும்பும்போது, அவன் தொலைத்த முகமூடி தூங்கும் மனைவியின் பக்கத்துத் தலையணையில் கிடக்கிறது. ரகசியச் சங்கத்தின் ஆள் வீடு புகுந்து வைத்த எச்சரிக்கை என்று காணொளி சொல்லும். குறுநாவலில் அதைக் கண்டெடுத்து, கணவன் தலைவைக்கும் இடத்தில் வைப்பவள் மனைவி என்றே படிக்க முடிகிறது. குப்ரிக் யார் வைத்தது என்பதைக் காட்டவில்லை. படம் முழுவதும் ஓடுவதே, வேறொருவனோடு போய்விட ஒரு கணம் நினைத்தேன் என்று அவள் படத்தின் தொடக்கத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தை அவனால் தாங்க முடியாததால்தான். சங்கத்து ஆளை அறைக்குள் கொண்டுவந்தால் அவள் வெறுமனே தூங்கும் பெண்ணாகிவிடுகிறாள். அவளே வைத்தாள் என்று எடுத்துக்கொண்டு கடைசி இருபது நிமிடத்தை மறுபடி பாருங்கள். பொம்மைக் கடையில் அவள் பேசுவதைக் கவனித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்