டிவி வாங்கப் போகிறீர்களா? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

கேள்வி: 55 அங்குல டிவி பார்க்கக் கடைக்குப் போனேன். க்யூஎல்இடி ஒரு விலை, ஓஎல்இடி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏன் என்று கேட்டால், "ஒரு எழுத்துதான் சார் வித்தியாசம், இதையே எடுத்துக்குங்க" என்கிறார் விற்பனையாளர். நிஜமாகவே அவ்வளவுதானா? (வாசகர், திருச்சி)

பதில்: எழுத்து ஒன்றுதான். உள்ளே இருப்பது வேறு வேறு. படத்துக்கான வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

எல்சிடி திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள திரவப் படிகம், ஜன்னல் கதவு மாதிரி திறந்தும் மூடியும் அந்த ஒளியை விடும், மறிக்கும். முன்பெல்லாம் பின்னால் இருந்தது மெல்லிய ட்யூப்லைட். அதை எடுத்துவிட்டு எல்இடி விளக்குகளை வைத்தார்கள், பெயரும் எல்இடி டிவி என்று ஆகிவிட்டது. விளக்கு மாறியதே தவிர திரை அதே எல்சிடிதான். அந்த விளக்குக்கும் திரைக்கும் நடுவே குவாண்டம் டாட் என்ற நுண்துகள் பூசிய தாளைச் சேர்த்தால் சிவப்பும் பச்சையும் இன்னும் சுத்தமாக வரும். அதுதான் க்யூஎல்இடி. வெறும் விளம்பர வார்த்தை என்று தள்ளிவிட முடியாது. அந்தத் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கிய மூவருக்கு 2023இல் வேதியியல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனாலும் கதவு கதவுதான். எவ்வளவு இறுக்கி மூடினாலும் கொஞ்சம் கசியும்.

ஓஎல்இடியில் பின்விளக்கே இல்லை. 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள், ஒவ்வொன்றும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு வேண்டிய இடத்தில் விளக்கு அணைந்தே இருக்கும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இந்தக் கறுப்புக்குத்தான்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், தட்டையாக அழகாக இருக்கிறதே என்று ஒரு எல்இடி டிவி வாங்கினேன். ஓரத்தில் மட்டும் விளக்குகள் வைத்த வகை. வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டுப் படம் போட்டால், இரவுக் காட்சிகளில் கீழ் மூலை இரண்டிலும் சாம்பல் பூத்தது போல ஒரு வெளுப்பு. பக்கத்து அறை ட்யூப்லைட் கதவிடுக்கில் கசிகிற மாதிரி. கடையில் ஓடிக்கொண்டிருந்த பூக்களும் கிளிகளும் அதைக் காட்டவே இல்லை. எனவே கடையில் கண்ணைப் பறிக்கும் ‘விவிட்’ அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். யூடியூபில் ஏதாவது ஓர் இருட்டுக் காட்சியைப் போடச் சொல்லி, மூலைகளைப் பாருங்கள்.

அப்புறம், இரண்டுக்கும் நடுவே மினி எல்இடி என்று ஒன்று இருக்கிறது. பின்னால் நிறைய குட்டி விளக்குகளை வைத்து, பகுதி பகுதியாக மங்க வைப்பார்கள். இதைத்தான் லோக்கல் டிம்மிங் என்பார்கள், ஒவ்வொரு பகுதியும் ஒரு ஜோன். கறுப்பு நன்றாகவே வரும். ஆனால் இருண்ட காட்சியில் வெள்ளை சப்டைட்டில் வந்தால் அதைச் சுற்றி, சாமி படத்தில் இருப்பது போல, லேசாக ஓர் ஒளிவட்டம் தெரியலாம். இந்த டிவிகளில் "லோக்கல் டிம்மிங் இருக்கா? எத்தனை ஜோன்?" என்று கேளுங்கள். விற்பனையாளர் மழுப்பினால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் ஹாலில் மேற்கே பெரிய ஜன்னல். அப்பா காலையிலிருந்து செய்தி சேனல்தான் பார்ப்பார், சாயங்காலம் கிரிக்கெட். மகன் ஓஎல்இடிதான் வேண்டும் என்கிறான். வாங்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: மகன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, உங்கள் ஹாலுக்கு ஓஎல்இடி வேண்டாம்.

முதல் காரணம் அப்பா. ஓஎல்இடியில் எரிவது கரிமப் பொருள். எரிய எரியத் தேயும். செய்தி சேனலில் மூலையில் சின்னம், கீழே சிவப்புப் பட்டையில் ஓடும் வரி. தினமும் மணிக்கணக்கில் அதே இடத்தில் அதே நிறம் எரிந்தால் அந்தப் புள்ளிகள் மட்டும் சீக்கிரம் தேய்ந்து, சேனலை மாற்றினாலும் பட்டையின் தடம் நிழலாக நிற்கும். காலண்டரைக் கழற்றிய பிறகும் சுவரில் சதுரம் தெரியுமே, அப்படி. புது டிவிகளில் இதைத் தடுக்கப் பல ஏற்பாடுகள் உண்டு. படமும் தொடரும் கலந்து பார்க்கும் வீட்டில் பெரிய கவலை இல்லை. நாள் முழுக்கச் செய்தி ஓடும் வீட்டில் கவலைப்படத்தான் வேண்டும். இந்தத் தடத்தைப் பல உத்தரவாதங்கள் ஏற்பதில்லை. வாங்குவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

இரண்டாவது ஜன்னல். திரையின் பெரும்பகுதி பளிச்சென்று இருக்கும்போது ஓஎல்இடி தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாலு மணி வெயில் உள்ளே அடிக்கும் ஹாலில் மினி எல்இடி தாக்குப்பிடிக்கும். கிரிக்கெட்டுக்குப் பேனலே, அதாவது திரைத் தகடே, 120 ஹெர்ட்ஸா (நொடிக்கு 120 முறை படத்தை மாற்றுமா) என்று மட்டும் பாருங்கள். ‘மோஷன் ரேட் 240’ மாதிரியான எண்கள் விளம்பரத்துக்காகப் போடுபவை.

மகன் தன் அறைக்கு வாங்கிக்கொள்கிறான் என்றால் ஒன்று சொல்லிவையுங்கள். படுக்கும் முன் சுவர் சுவிட்சையும் அணைப்பது நம் வழக்கம். ஓஎல்இடி டிவி சில மணி நேரம் ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்ததும் உள்ளுக்குள் புள்ளிகளைச் சரிசெய்யும் வேலையைத் தொடங்கும். சுவிட்சை அணைத்தால் அந்த வேலை நின்றுபோகும்.

கேள்வி: போன வருடம் வாங்கிய எல்இடி டிவி. நேரே உட்கார்ந்தால் அருமையாக இருக்கிறது. பக்கவாட்டு சோபாவிலிருந்து பார்த்தால் எல்லார் முகமும் வெளிறிப்போகிறது. பழுதா? (வாசகர், சேலம்)

பதில்: பழுது இல்லை, பேனலின் குணம். எல்சிடியில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை அதிகம். விஏயில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் எங்கிருந்து பார்த்தாலும் நிறம் ஓரளவு நிற்கும், ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். உங்களுடையது விஏயாகத்தான் இருக்க வேண்டும். வேறு டிவி வாங்க வேண்டாம். திருப்பக்கூடிய சுவர் ஸ்டாண்டு ஒன்றை மாட்டுங்கள், வேலை முடிந்தது.

கேள்வி: என் பழைய பிளாஸ்மா டிவியின் படம் இன்றைய டிவிகளைவிட நன்றாக இருக்கிறது. ஏன் நிறுத்திவிட்டார்கள்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உங்கள் கண் பொய் சொல்லவில்லை. பிளாஸ்மாவிலும் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்தது. ஆனால் மின்சாரம் குடித்தது, சூடேறியது, கனத்தது; புள்ளிகளைச் சிறிதாக்கி 4கேவுக்குக் கொண்டுபோவதும் கஷ்டம். பானாசோனிக் 2013 இறுதியிலும், சாம்சங்கும் எல்ஜியும் 2014இலும் தயாரிப்பை விட்டன. கெட்டால் பாகம் கிடைப்பது சிரமம், ஓடும்வரை ஓடட்டும்.

கேள்வி: 55 போதுமா, 65 வாங்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: 4கே படம் பார்க்க, திரையின் மூலைவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வசதி. 55க்கு ஏறக்குறைய 7 அடி, 65க்கு 8 அடி. ஆனால் செட்டாப் பாக்ஸில் எச்டி இல்லாத சேனல்களையே பார்ப்பவர் என்றால் பெரிய திரை அந்த மங்கலையும் பெரிதாக்கித்தான் காட்டும். விலை கேட்கும்போது பழைய பட்டியலை நம்ப வேண்டாம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. சந்தேகம் தீரவில்லையா? பழைய செய்தித்தாள்களை ஒட்டி, 4 அடி அகலம், இரண்டே கால் அடி உயரத்துக்குச் சுவரில் மாட்டுங்கள். அதுதான் 55. 65க்கு அகலத்தில் முக்கால் அடியும் உயரத்தில் அரை அடிக்குக் கொஞ்சம் குறைவாகவும் கூட்டுங்கள். இரண்டு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். மாடி வீடு என்றால் லிஃப்டையும் அளந்துவிடுங்கள். பெட்டியைப் படுக்க வைத்துத் தூக்கினால் பேனல் விரிசல் விடலாம்.