டிரவுட் தூண்டிலுக்கு எந்தப் பூச்சிப் புத்தகம்?

கேள்வி: நீலகிரியில் எமரால்டில் இருக்கிறேன். முள்ளில் நூலும் இறகும் கட்டிச் செய்த போலிப் பூச்சியை, அதாவது ஃபிளையை, வைத்து டிரவுட் மீன் பிடிக்கக் கற்று வருகிறேன். ஓடையில் உள்ள பூச்சியைப் பார்த்து அதற்கேற்ற ஃபிளை கட்டு என்கிறார்கள். இங்கிலாந்தில் அச்சான வண்ணப் புத்தகம் ஒன்றை 6,500 ரூபாய்க்குத் தருவதாக ஒரு வியாபாரி சொல்கிறார். கூடவே ‘நீலகிரிப் பூச்சி அட்டவணை’ ஒன்று இலவசமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். புத்தகமும் வேண்டாம், அந்த அட்டவணை அதைவிட வேண்டாம்.

நம் டிரவுட் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். அதற்காகத்தான் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். ஆனால் அது தின்னும் பூச்சி இந்த மலைக்கே உரியது. இங்கிலாந்துப் புத்தகம் அந்த ஊர் ஓடைகளில் உள்ள இனங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பிரிக்கும். அந்த இனங்கள் இங்கே கிடையாது. படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ‘கிட்டத்தட்ட இதுதான்’ என்று தவறான பெயரில் போய் நிற்பீர்கள். உங்களுக்கு இனப் பெயர் தேவையே இல்லை. மேஃபிளை, காடிஸ், ஸ்டோன்ஃபிளை என்ற மூன்று ஓடைப்பூச்சி வகைகளில் எது, அதில் எந்தக் குடும்பம், எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்தால் ஃபிளை கட்டிவிடலாம்.

அட்டவணை விஷயம் இன்னும் மோசம். குளிர்நாட்டில் பூச்சி வெளிவருவதை வசந்தமும் கோடையும் முடிவு செய்கின்றன. இங்கே மழை முடிவு செய்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப் புரண்டு போன ஓடையில் மாதவாரிக் கட்டங்களுக்கு என்ன பொருள்? ‘மே, ஜூன்’ என்று கட்டம் போட்டு விற்கிறவர் அயல்நாட்டு அட்டவணையின் தலைப்பை மட்டும் மாற்றியிருப்பார்.

நீங்கள் தேட வேண்டியது பெங்களூருவில் உள்ள ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் 2007-ல் வெளியிட்ட, இந்திய நீர்வாழ் பூச்சிகள் பற்றிய சிறிய கள வழிகாட்டி. எழுதியவர்கள் கே.ஏ. சுப்ரமணியனும் கே.ஜி. சிவராமகிருஷ்ணனும். தூண்டில்காரருக்காக எழுதியதல்ல. அதனாலேயே நமக்கு உதவும்: கல்லுக்கடியில் இருக்கும் உயிரிலிருந்து தொடங்குகிறது. டிரவுட் தன் இரையில் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் பிடிக்கிறது. வழிகாட்டி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. மீன்பிடி அனுமதிச் சீட்டோடு, ஓடைப் பூச்சிகளின் படம் போட்ட ஒரே ஒரு தமிழ்த் தாளைச் சேர்த்துக் கொடுக்க என்ன செலவாகிவிடும்? படம் வரையத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பூச்சி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்பாரில்லாததால் வியாபாரி அட்டவணை அடிக்கிறார்.

வேறு புத்தகம் கைக்கு வந்தால் காசு கொடுக்குமுன் மேஃபிளை பக்கத்தைத் திறந்து பாருங்கள். இறகு முளைத்த பூச்சி மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நிம்ஃபின், அதாவது நீரில் வாழும் இளம்பூச்சியின், படம் வேண்டும், செவுளும் கால்நகமும் தெரிய வேண்டும், பக்கத்தில் அளவுகோல் வேண்டும். இறகுள்ளவற்றுக்கு, உட்காரும்போது இறகை எப்படி வைத்துக்கொள்கிறது என்ற படம் போதும்: மேஃபிளை முதுகுக்கு மேல் செங்குத்தாக நிமிர்த்தும், காடிஸ் கூரைபோல் இருபுறமும் சரிக்கும், ஸ்டோன்ஃபிளை முதுகோடு தட்டையாக மடிக்கும்.

‘அரிய நூல்’ என்று இரண்டைக் காட்டுவார்கள். ஒன்று, ஃபிரேசர் எழுதிய தும்பிகள் பற்றிய மூன்று தொகுதிகள், 1933 முதல் 1936 வரை வந்தவை. அருமையான வேலைதான், ஆனால் பெரும்பாலும் பறக்கும் தும்பியைப் பற்றியது. இன்னொன்று, 1914-ல் சென்னையில் வெளியான ஃபிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் நூல். தலைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது பயிர்ப்பூச்சிகளுக்கான நூல். இரண்டுமே இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையதளத்தில் இலவசம். அதையே அச்செடுத்து பைண்டிங் போட்டு ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். ‘கடைசிப் பிரதி, முன்பணம் போடுங்கள்’ என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இனி, எளிய வழிகாட்டிகள் எல்லாமே உங்களைத் தடுக்கி விடும் ஓர் இடம். மூன்று வால் இழை இருந்தால் மேஃபிளை, இரண்டு இருந்தால் ஸ்டோன்ஃபிளை என்று எழுதியிருக்கும். நம் வேகமான ஓடைகளில் பாறையோடு ஒட்டிக் கிடக்கும் தட்டையான எபியோரஸ் என்பதும் மேஃபிளைதான், ஆனால் அதற்கு இரண்டே வால். மூன்று வாலுள்ளதும் பிடிக்கும்போது ஒன்றை உதிர்த்துவிடும். ஆகவே வாலை எண்ணி முடிவு கட்டாதீர்கள். வெள்ளைத் தட்டில் அரை விரல் தண்ணீர் விட்டு, நிம்ஃபை அதில் விட்டு, 10 மடங்கு லென்ஸால் பாதத்தைப் பாருங்கள். ஒரு நகம் என்றால் மேஃபிளை, இரண்டு நகம் என்றால் ஸ்டோன்ஃபிளை. நகம் தெரியாவிட்டால் செவுளைப் பாருங்கள். வயிற்றின் இரு பக்கமும் தகடு தகடாக அசைந்தால் மேஃபிளை. கால் முளைக்கும் இடத்தில் நூல்கொத்தாக இருந்தால் ஸ்டோன்ஃபிளை. இதில் தவறினால் 14-ஆம் எண் முள்ளில் (எண் கூடக் கூட முள் சிறியது) மெல்லிசாகக் கட்ட வேண்டியதை 8-ஆம் எண்ணில் பருமனாகக் கட்டிவிடுவீர்கள். ஸ்டோன்ஃபிளை கரைக்கல்லில் ஏறித்தான் தோலுரித்து இறகுள்ள பூச்சியாகும் என்பதால், மேற்பரப்பில் மீன் மேய்வதைப் பார்த்தும் கரையோரமாகத் தவறான இடத்தில் வீசிக்கொண்டிருப்பீர்கள்.

காடிஸ் புழுவில் இந்தக் குழப்பம் இல்லை. மெத்தென்ற உடல், வால்நுனியில் கொக்கி.

அளவுக்கு வரைபடத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தட்டின் அடியில் வையுங்கள். வாலை விட்டு உடலை மட்டும் அளந்து பாருங்கள். 6 மில்லிமீட்டர் என்றால் 18-ஆம் எண் முள், 7 முதல் 8 வரை 16, 9 என்றால் 14, 10, 11 என்றால் 12. எறும்புக்கும் ஈசலுக்கும் புத்தகமே வேண்டாம். கரையில் கிடப்பதைப் பார்த்துக் கட்டுங்கள்.

பார்த்து முடித்ததும் நிம்ஃபை ஓடையில் விட்டு, புரட்டிய கல்லை எடுத்த பக்கமே கவிழ்த்து வையுங்கள். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் இதைச் செய்யவே கூடாது. மற்ற இடங்களுக்கு மீன்வளத் துறை அனுமதியை நேரில் போய் வாங்குங்கள். ‘புத்தகமும் லைசென்ஸும் சேர்த்து வாங்கித் தருகிறேன்’ என்பவரிடம் இரண்டையும் வாங்காதீர்கள்.