பெட்டிக்குள் வைத்த பொருள்

அன்புள்ள அய்யா,

காங்கயம் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருக்கிறேன். வயது 43. பெயர் போட வேண்டாம்.

அப்பா கடைசிவரை கருப்புச் சட்டைக்காரர். போன ஐப்பசியில் இறந்தார். அவர் எழுதிவைத்தபடி உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டோம். காரியம், கருமாதி எதுவும் இல்லை. அம்மா கிருத்திகை தவறாமல் சிவன்மலை ஏறுகிறவர். மனைவி மனவளக்கலை மன்றத்துக்குப் போகிறாள், போனை எடுத்தாலே ‘வாழ்க வளமுடன்’தான். அக்கா குடும்பம் பத்து வருடமாகச் சபைக்குப் போகிறது. களத்தில் என் பங்குதாரர், எந்த லோடு காத்திருந்தாலும் வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்பிவிடுவார். ரமலானில் பைசா பிசகாமல் கணக்குப் பார்த்து ஜகாத் கொடுப்பார்.

எனக்கு மட்டும் எதுவும் ஒட்டவில்லை. அப்பாவைப்போல ‘இல்லை’ என்று அடித்துச் சொல்லவும் வரவில்லை, அம்மாவைப்போலக் கைகூப்பவும் வரவில்லை. மலையில் போய் சும்மா நிற்கிறேன். மன்றத்தில் கண்ணை மூடினால் தேங்காய்ப் பருப்பு விலை ஓடுகிறது. அப்பா நடத்திய படிப்பகத்தைக் காலை ஆறரைக்குத் திறந்துவிட்டுத்தான் களத்துக்குப் போவேன். பேப்பர் பார்க்க நாலு பெரியவர்கள் வருவார்கள், அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்துதான் இதையெல்லாம் யோசிக்கிறேன். வாழ்க்கைக்கு என்று ஓர் அர்த்தம் வேண்டாமா? இத்தனையில் எதை எடுத்துக்கொள்வது?

இன்னொன்று. வருகிற தை அமாவாசைக்குப் பவானி கூடுதுறைக்குப் போய் அப்பாவுக்குத் திதி கொடுக்கவேண்டும் என்கிறார் அம்மா. அது அப்பாவுக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரியை நீங்களே ‘அவ்வளவுதான்’ போட்டு முடித்துவிட்டீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது, எதைப் பிடித்தாலும் சரி’ என்று என்னிடமிருந்து ஒரு பதிலை எதிர்பார்த்திருந்தால், அது என்னால் ஆகாது. உங்கள் பங்குதாரருக்கு இறைவன் ஒருவன், உருவமில்லாதவன். உங்கள் அம்மாவுக்கு அவன் மலைமேல் வேலோடு நிற்கிறான். அக்காவுக்கு அவர் மனிதனாகப் பிறந்து சிலுவையில் இறந்து எழுந்தவர். உங்கள் மனைவி போகிற மன்றத்தைத் தொடங்கிய வேதாத்திரி மகரிஷி ஆழியாற்றில் சொன்னது சுத்தவெளியே இறைநிலை என்று. உங்கள் அப்பா இது எதுவுமே இல்லை என்றார். இத்தனையையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் ஐந்து பேரில் ஒருவருக்கும் மரியாதை மிஞ்சாது. அப்பா இருந்திருந்தால் முதலில் அவருக்குத்தான் கோபம் வந்திருக்கும்.

அப்பாவின் கட்சியும் நம் மண்ணுக்கு 1925-ல் பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் ஈரோட்டில் அச்சேறியபோது புதிதாக வந்ததல்ல. கரூரைத் தாண்டி வேலாயுதம்பாளையம் போனால் புகழிமலை இருக்கிறது. மேலே முருகன் கோயில். அதே மலையில் பாறைக்குக் கீழே சமணத் துறவிகளின் கற்படுக்கை. செங்காயபன் என்ற மூத்த அமணர் தங்குவதற்காகச் சேர இளவரசன் ஒருவன் வெட்டிக்கொடுத்தது என்று தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவர் இல்லை என்பது அந்தத் துறவிகளின் துணிபு. ஆனால் வினையும் மறுபிறப்பும் உண்டு என்பார்கள், அங்கே உங்கள் அப்பா எழுந்து சண்டைக்குப் போயிருப்பார். ‘கடவுள் இல்லை’ என்பதிலேயே இத்தனை தினுசு இருக்கிறது.

இந்த அலைச்சல் எனக்கும் தெரியும். முப்பது வயதில், தம்பி ஒருவனை இழந்த பிறகு, நான் போகாத இடம் இல்லை. ஆசிரமம், தியான முகாம், பகுத்தறிவுக் கூட்டம், ஒரு நண்பனோடு மூன்று மாதம் ஜெபக் கூட்டம். ஒவ்வொரு இடத்திலும் முதல் வாரம் நன்றாக இருக்கும், மூன்றாவது வாரம் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன். ஒருநாள் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டுக்கொண்டே, “ஏங்கண்ணு, தொலைஞ்சுபோன சாமான் எப்படி இருக்கும்னாவது தெரியுமா உனக்கு?” என்றார். கேலிதான். ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை.

பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. உங்கள் அப்பாவின் தலைவரே 1904-ல், 25 வயதில், வீட்டை விட்டுக் காசிக்குப் போனவர். அங்கே சத்திரத்தில் சோறு மறுக்கப்பட்டு எச்சில் இலையைத் தேடும்படி ஆனது. கொஞ்ச காலத்தில் ஈரோட்டுக்குத் திரும்பி வந்து மண்டிக் கணக்கைப் பார்த்தார். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இப்போது மணிமேகலை. நம்மில் பலருக்கும் அவள் அட்சயபாத்திரத்தோடு நிற்கிற படம் மட்டும்தான் நினைவில் இருக்கும். உங்கள் கேள்விக்கு இவ்வளவு நெருக்கமான இன்னொரு கதை எனக்குத் தெரியவில்லை. காப்பியத்தின் 27-வது காதையில் அவள் வஞ்சி நகரத்துக்கு வந்து, மாற்றுருவம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் ‘உங்கள் பொருள் என்ன, சொல்லுங்கள்’ என்று கேட்கிறாள். சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர் (சமணர்), சாங்கியர் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். (வஞ்சி என்பது கரூர்தான் என்று ஒரு சாரார், கொடுங்கல்லூர் என்று ஒரு சாரார். நாம் கொங்கு நாட்டுக்காரர்கள், கரூர் என்றே வைத்துக்கொள்வோம்.) கடைசியில் பூதவாதி வருகிறான். கண்ணால் கண்டதுதான் உண்மை, இந்தப் பிறவியின் இன்பதுன்பம் இந்தப் பிறவியோடு சரி என்கிறான். அவள் சிரித்துவிட்டு, ‘உன் தாய் தந்தை யாரென்று அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படித் தெரிந்துகொண்டாய்?’ என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு அப்பா ஏதாவது பதில் வைத்திருப்பார். கேட்க முடியாமல் போயிற்று.

நான் சொல்ல வருவது அந்த விவாதத்தைப் பற்றி இல்லை. காதைகளின் வரிசையைப் பாருங்கள். அவள் கையில் அமுதசுரபி வருவது 11-வது காதையில். பசித்தவர்களுக்குச் சோறு போட்டு, சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றிய பிறகுதான் 27-ல் சமயங்களைக் கேட்கப் போகிறாள். பவுத்தத்தை முழுதாக ஏற்று நோன்பில் அமர்வது 30-வதில். கடைசியில் அவள் ஒரு பக்கம் நின்றாள், எல்லாம் ஒன்று என்று மழுப்பவில்லை. ஆனால் பாத்திரம் முதலிலேயே வந்துவிட்டது. எந்தத் தத்துவம் சரி என்று முடிவாகட்டும், அதுவரை பசித்தவன் பொறுக்கட்டும் என்று அவள் வைத்துக்கொள்ளவில்லை.

உங்களுக்கு இது பெரிய இடத்துச் சமாச்சாரமாகத் தோன்றலாம். சரி, உங்கள் ஊர்ப்பக்கமே வருகிறேன். சிவன்மலை உத்தரவுப் பெட்டியை நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். யாரோ ஒரு பக்தர் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்கிறார். அவர் வந்து கோயிலில் சொல்கிறார். சாமியிடம் பூ போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்தால் அதைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். அடுத்தவர் கனவில் அடுத்த பொருள் வரும்வரை அதுதான். மண் இருந்திருக்கிறது, தண்ணீர் இருந்திருக்கிறது, சைக்கிள்கூட இருந்திருக்கிறது. வைத்த மறுநாளே காங்கயம் டீக்கடைகளில் ஆரம்பித்துவிடுவார்கள். விவசாயி மழையைச் சொல்லுவார், வியாபாரி விலையைச் சொல்லுவார், கட்சிக்காரருக்கு அதில் தேர்தல் தெரியும்.

இதை மூடநம்பிக்கை என்று அப்பா சொல்லியிருப்பார். ஆரூடமாக எடுத்துக்கொண்டால் எனக்கும் அதில் நம்பிக்கை கிடையாது. நான் கவனிப்பது வேறொன்றை. நம் மொழியில் சாமானும் பொருள், செல்வமும் பொருள், அர்த்தமும் பொருள். பெட்டியில் முதலில் சாமான்தான் வந்து உட்காருகிறது. அர்த்தம் பின்னால் வருகிறது, அதுவும் மழையை நம்பி விதைத்தவனுக்கு ஒரு மாதிரி, சரக்கை இருப்பு வைத்தவனுக்கு ஒரு மாதிரி. அதில் எதையும் பணயம் வைக்காதவனுக்கு அது வெறும் கண்ணாடிப் பெட்டி. நீங்கள் மலையில் சும்மா நிற்பது அதனால்தான். உங்கள் சாமான் அங்கே இல்லை.

இப்போது அந்த ‘அவ்வளவுதான்’ வரிக்கு வருகிறேன். ஐப்பசியில் அப்பா போனார். அதற்குப் பிறகும் ஆறரைக்குப் படிப்பகம் திறக்கிறது. திறக்கச் சொல்லி உங்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. புண்ணியம் என்று நீங்கள் நம்பவில்லை, கொள்கை என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. வருகிற நாலு பெரியவர்களுக்கும் வீட்டில் பேப்பர் வாங்க வசதி இருக்கலாம், ஆனாலும் அங்கேதான் வந்து படிக்கிறார்கள். ஒருநாள் திறக்காமல் விட்டுப் பாருங்கள். களத்தில் உட்கார முடியாது உங்களால், பருப்பு விலைகூட மண்டையில் ஏறாது. ஒன்பது மணிக்குள் யாராவது ஒருவர் போன் போட்டு, “என்னங்க தம்பி, உடம்புக்குச் சரியில்லீங்களா?” என்று கேட்பார்.

அது அப்பாவின் கடமை, நான் சும்மா சாவி போடுகிறேன் என்பீர்கள். இருக்கட்டும். மணிமேகலையின் பாத்திரமும் அவள் செய்ததில்லை, அவளுக்கு முன்னால் அதை வைத்துச் சோறு போட்ட ஆபுத்திரன் கையில் இருந்து வந்ததுதான். உங்கள் மனைவி தினமும் கண்மூடி உட்காருவதும், பங்குதாரர் லோடை விட்டுக் கிளம்புவதும் எவ்வளவு ஆழமோ, இந்தச் சாவியும் அவ்வளவு ஆழம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்குப் பின்னால் பெரிய மரபு இருக்கிறது, மரணத்தைப் பற்றியும் அதற்கு அப்பாலைப் பற்றியும் பேச்சு இருக்கிறது. உங்களிடம் அது இல்லை. வந்தாலும் வரும், வராமலே போனாலும் போகும். ‘எனக்கு எதுவும் ஒட்டவில்லை’ என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திதி விஷயம். அப்பா கேட்டது தன் உடலைப் பற்றி. அதை ஒரு குறையும் இல்லாமல் நிறைவேற்றிவிட்டீர்கள், அக்கம்பக்கத்துப் பேச்சையும் வாங்கியிருப்பீர்கள். அத்தனை வருடம் கூடவே வாழ்ந்த அம்மாவின் துக்கமும் அந்த உயிலுக்குக் கட்டுப்பட்டதா என்ன? நானாக இருந்தால் அம்மாவைக் காரில் கூட்டிப்போவேன். திதி கொடுக்க நான் உட்கார மாட்டேன் என்று வீட்டிலேயே சொல்லிவிடுவேன். அம்மா ஆற்றில் முழுகி எழும்வரை படித்துறையில் துண்டை வைத்துக்கொண்டு நிற்பேன். ‘நீ உட்கார்ந்தால்தான்’ என்று அவர் அங்கே அழுதுவிட்டால்? உட்கார்ந்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்காக என்னைத் திட்டுகிற நண்பர்கள் இருக்கிறார்கள், திட்டட்டும்.

போனால் சங்கமேசுவரர் கோயிலில் வில்லியம் காரோ விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள். கோவைக் கலெக்டராக இருந்த வெள்ளைக்காரர். இடிந்து விழப்போன கட்டிடத்திலிருந்து வேதநாயகி அம்மன் ஒரு சிறுமியாக வந்து அவரை எழுப்பி வெளியே அழைத்தாள் என்பது கதை. வேற்று மதத்தவர், உள்ளே போகக் கூடாது. சுவரில் துளையிட்டு அதன் வழியே அம்மனைப் பார்த்தாராம். 1804-ல் தந்தக் கட்டில் ஒன்று செய்து கொடுத்தார், அதில் அவர் கையெழுத்து இருக்கிறது. அம்மாவுக்கு இந்தக் கதை பிடிக்கும். அப்பாவுக்கு அந்தத் துளை பிடித்திருக்காது, ஏன் உள்ளே விடவில்லை என்று கேட்டிருப்பார். நியாயமான கேள்விதான்.

மாசியில் திருப்பூரில் ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறேன். மறுநாள் காலை காங்கயம் வழியாகத்தான் திரும்புவேன். படிப்பகம் எந்தத் தெருவில் என்று எழுதுங்கள். ஆறரைக்கு நான் வந்து நின்றால் ஐந்தாவது ஆளுக்கு நாற்காலி இருக்குமா?

அன்புடன்