அடுத்தவர் கட்டிய சேலையா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடி புளோக்கில் தமிழ்க் குடும்பங்கள் பல இருக்கிறோம். தீபாவளிக்குத் தீபாவளி துணி குவிகிறது. ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம் என்றால், “அடுத்தவர் கட்டியதை நான் கட்டுவதா?” என்று முகம் சுளிக்கிறார்கள். என் மாமியார்தான் முதல் ஆள். எப்படித் தொடங்குவது?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: மாமியாரிடம் வாதாடாதீர்கள் அம்மா. அவர் பீரோவில் அவருடைய தாயாரின் கூறைப்புடவை பத்திரமாக இருக்கும். அதை அவர் ‘அடுத்தவர் கட்டியது’ என்பாரா? யார் கட்டினார்கள் என்று தெரியாத துணிதான் நமக்கு உறுத்துகிறது. ஆகவே பெயரில்லாத மூட்டைகளை வாங்காதீர்கள். சேலையைக் கொண்டுவருகிறவரே, எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது, எங்கே எடுத்தது என்று சொல்லிக் கொடுக்கட்டும். சேலையைவிட அந்தப் பேச்சுக்கே பாதிப் பேர் வருவார்கள். இறந்தவர் துணி மட்டும் வேறு கணக்கு. சில வீடுகளில் ஏற்கமாட்டார்கள்; சொல்லாமல் கலந்துவிடாதீர்கள்.

முதல் சந்திப்பில் சேலையே வேண்டாம். பட்டுப்பாவாடையில் ஆரம்பியுங்கள். ஒரு தீபாவளிக்கு உடுத்தி, அடுத்த தீபாவளிக்குள் குட்டையாகிவிடும் உடை அது. அதை வேண்டாம் என்று சொல்லும் தாயை நான் பார்த்ததில்லை. பள்ளிச் சீருடையும் அப்படித்தான்.

பிறகு பட்டுக்கு வாருங்கள். புடவையைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, அந்த மடிப்பிலேயே இற்றுப்போயிருக்கும். ஒளி ஊசி ஊசியாகத் தெரியும். பாச்சை உருண்டை பட்ட ஜரிகை கறுத்திருக்கும். நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சணப் புள்ளிகளும் வரும், முந்தானையின் உள்பக்கத்தையும் பாருங்கள். ரவிக்கையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒருவர் அளவுக்குத் தைத்தது இன்னொருவருக்குப் பொருந்தாது, வீணாக மனக்கசப்புதான்.

ஒரு விதியில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: எடுக்க ஆளில்லாததைக் கொண்டுவந்தவரே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். கொடுக்க எல்லாருக்கும் கை நீளும், எடுக்கத்தான் ஆள் குறைவு. இந்த விதி இல்லையென்றால் உங்கள் வரவேற்பறை கிடங்காகிவிடும். தாழ்வாரத்தில் அடுக்கலாம் என்றால், தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் நடத்த நகர மன்றத்தின் அனுமதி தேவை. மலாய்க்காரர் கல்யாணமோ சீனர் துக்க நிகழ்ச்சியோ அதே நாளில் அங்கே இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாம் எறியும் துணியும் குப்பையோடு எரிகிறது, அந்தச் சாம்பல் படகில் செமாக்காவ் தீவுக் குப்பைக்கிடங்குக்குப் போகிறது, அந்த இடமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் முதல் கூட்டத்திலேயே அதைப் பிரசங்கம் செய்தால் இரண்டாம் கூட்டத்துக்கு நீங்களும் வடைத் தட்டும் மட்டுமே இருப்பீர்கள்.

கேள்வி: சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை போனபின் பழைய பித்தளைச் சாமான் எங்கே கிடைக்கும்?
– வாசகர், தேக்கா

பதில்: அந்தச் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு முடிந்தது. அங்கே பேரம் பேசிய சுகம் இனி இல்லை. பழைய பொருள் விற்கும் கேரோசல் இணையத்தளத்தில் தேடுங்கள், இரட்சணிய சேனை என்ற தொண்டு அமைப்பின் கடைகளிலும் எட்டிப் பாருங்கள். குத்துவிளக்கு வாங்கப் போனால் சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். ஒட்டினால் உள்ளே இரும்பு. வெளியே வெறும் முலாம்.