ஸ்பெக் ஷீட்டில் இல்லாத விவரங்கள்: ஹார்டுவேர் கேள்வி பதில்

கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். "எந்த பிராண்டு நல்லது?" என்று மட்டும் எழுதியவர்கள், மாடல் பெயரையும் என்ன வேலைக்கு என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அப்போதுதான் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

கேள்வி: அண்ணா, இரண்டு என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. (வேகமான சேமிப்பு டிரைவ்) பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு பெட்டியிலும் நொடிக்கு 7000 எம்பி வேகம் என்றுதான் இருக்கிறது. ரிவ்யூவிலும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண். ஆனால் விலையில் நல்ல வித்தியாசம். மலிவானதையே வாங்கிவிடலாமா?

பதில்: அந்த ரிவ்யூவில் எந்த டெஸ்டை ஓட்டினார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் கிறிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளாக இருக்கும். நாம் எதையும் மாற்றாவிட்டால் அது 1 ஜிபி ஃபைலை வைத்துத்தான் சோதிக்கும். இன்றைய எஸ்.எஸ்.டி. எதுவானாலும் அந்த 1 ஜிபியை எஸ்.எல்.சி. கேஷ் என்ற வேகமான தற்காலிகப் பகுதியிலேயே வாங்கிக்கொள்ளும். இந்த கேஷ் பெரும்பாலும் தனிச் சிப் இல்லை. காலியாகக் கிடக்கும் செல்களில் தற்காலிகமாக ஆளுக்கு ஒரு பிட் மட்டும் வேகமாக எழுதி வைப்பார்கள். அப்புறம் ஓய்வு கிடைக்கும்போது டி.எல்.சி. வகை டிரைவ் என்றால் செல்லுக்கு 3 பிட், க்யூ.எல்.சி. வகை என்றால் 4 பிட் என்று நெருக்கி மாற்றி எழுதிக்கொள்ளும்.

வித்தியாசம் தெரிவது கேஷ் நிரம்பிய பிறகுதான். 200, 300 ஜிபி வீடியோவை ஒரே மூச்சில் காப்பி செய்து பாருங்கள். நல்ல டி.எல்.சி. டிரைவ் அப்போதும் நொடிக்கு 1000 எம்பிக்கு மேல் எழுதிக்கொண்டிருக்கும். சில க்யூ.எல்.சி. டிரைவ்கள் 100 எம்பி அளவுக்கு இறங்கிவிடும். அது சாதாரண ஹார்டு டிஸ்கை விடக் குறைவு. டிரைவ் நிரம்ப நிரம்ப கேஷும் சுருங்கும் என்பதால், புதிதாக வாங்கியபோது பறந்த டிரைவ் முக்கால்வாசி நிரம்பியதும் தடுமாறும். ஆகவே ரிவ்யூவில் "சஸ்டெய்ன்டு ரைட்" (இடைவிடாமல் எழுதும்போது வேகம்) என்ற வரைபடம் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாத எஸ்.எஸ்.டி. ரிவ்யூவை நம்பி நான் வாங்கமாட்டேன்.

கேம், விண்டோஸ், அலுவலக வேலை மட்டும்தான் என்றால் மலிவானதே போதும். அங்கே நடப்பதெல்லாம் பெரும்பாலும் சின்னச் சின்ன ரீட். 4கே ரேண்டம் ரீட், க்யூ டெப்த் 1 (அங்கங்கே கிடக்கும் சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்கும் சோதனை) என்ற வரியைப் பார்த்தால் நல்ல டிரைவ்களே 60 முதல் 90 எம்பிக்குள்தான் நிற்கும். வேகமான பி.சி.ஐ.இ. 5.0 இணைப்பில் ஓடும் டிரைவ் 14,000 எம்பி என்று விளம்பரம் செய்தாலும் இந்த வரியில் பெரிதாகத் தாண்டுவதில்லை. டிராம் (டிரைவின் சொந்த வேக நினைவகச் சிப்) இல்லாத டிரைவ் என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஒதுக்க வேண்டாம். அவை கணினியின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கின்றன. அன்றாட வேலையில் தெரியாது. ஆனால் ரிவ்யூவின் தேதியைக் கட்டாயம் பாருங்கள். மாடல் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே தரவைச் சேமிக்கும் ஃபிளாஷையும் அதை இயக்கும் கன்ட்ரோலரையும் மாற்றுவது இந்தத் துறையில் நடக்கிறது. வாங்குபவருக்குச் சொல்லாமல் அப்படி மாற்றுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம்.

கேள்வி: அதே டிரைவில் 600 டி.பி.டபிள்யூ. என்று போட்டிருக்கிறதே, சீக்கிரம் தேய்ந்துவிடாதா?

பதில்: 600 டெராபைட் எழுதும்வரை வாரன்டி என்று அர்த்தம். ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் தினமும் 330 ஜிபி வரும். கவலையை விடுங்கள்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டு ரிவ்யூவில் சராசரி எஃப்.பி.எஸ். பக்கத்தில் "1% லோ" என்று இன்னொரு எண் போடுகிறார்கள். எதை நம்புவது சார்?

பதில்: இரண்டுமே வேண்டும். எஃப்.பி.எஸ். என்பது நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) என்ற கணக்கு; 1% லோ, மிக மெதுவாக வந்த ஃபிரேம்களின் வேகம். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் 1% லோவைப் பார்ப்பேன். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நொடியில் 55 ஃபிரேம்கள் தலா 10 மில்லி செகண்டில் வருகின்றன. மீதி 5 ஃபிரேம்கள் தலா 90 மில்லி செகண்ட் எடுக்கின்றன. மொத்தம் 60 ஃபிரேம், சரியாக ஒரு நொடி. சராசரி 60 எஃப்.பி.எஸ். என்று அழகாக வந்துவிடும். ஆனால் விளையாடுபவருக்கு அந்த நொடியில் ஐந்து இடத்தில் திக்கித் திக்கி நிற்கும். சீரான 60 என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லி செகண்டில் வந்திருக்க வேண்டும். 2011-ல் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் இந்த ஃபிரேம் டைம் அளவீட்டை விரிவாக எழுதிய பிறகுதான் மற்ற ரிவ்யூக்காரர்களும் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்தார்கள்.

இரண்டு எச்சரிக்கை. 1% லோவை எல்லோரும் ஒரே மாதிரி கணக்கிடுவதில்லை. சிலர் மோசமான 1% ஃபிரேம்களின் சராசரியை எடுக்கிறார்கள், சிலர் 99-வது பெர்சென்டைலை, அதாவது 99% ஃபிரேம்கள் எவ்வளவு நேரத்துக்குள் வந்தன என்ற எல்லையை எடுக்கிறார்கள். அதனால் ஒரு தளத்தின் எண்ணை இன்னொரு தளத்தின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அடுத்தது ஃபிரேம் ஜெனரேஷன், அதாவது நிஜ ஃபிரேம்களுக்கு நடுவே செயற்கை ஃபிரேம்களை நுழைப்பது. திரையில் காட்டும் எண் ஏறும், படம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் மவுஸை அசைத்தால் கேம் பதில் சொல்லும் வேகம் அடிப்படை ஃபிரேம் ரேட்டை ஒட்டியேதான் இருக்கும். தயாரிப்பாளர் வெளியிடும் வரைபடத்தில் "இரண்டு மடங்கு வேகம்" என்று கண்டால், கீழே பொடி எழுத்தில் ஃபிரேம் ஜெனரேஷன் போட்டிருக்கிறார்களா என்று வாசித்துவிடுங்கள்.

கேள்வி: நான் 4கே மானிட்டரில் ஆடுகிறேன். பிராசசர் ரிவ்யூ எல்லாம் 1080பி என்ற சிறிய ரெசல்யூஷனிலேயே எடுக்கிறார்கள். எனக்கு அது எதற்கு?

பதில்: 4கே-யில் எடுத்தால் கிராபிக்ஸ் கார்டுதான் திணறும்; பத்து பிராசசரை வைத்தாலும் பத்தும் ஒரே எண்ணைக் காட்டும். அதிலிருந்து பிராசசரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? 1080பி-யில் கார்டுக்குச் சுமை குறைவு, அதனால் பிராசசர் எதுவரை போகும் என்பது வெளியே வரும்.

நான் செய்வது இதுதான். பிராசசர் ரிவ்யூவில் 1080பி எண்ணை எடுத்துக்கொள்வேன். கார்டு ரிவ்யூவில் என் மானிட்டரின் ரெசல்யூஷனுக்கான எண்ணை எடுத்துக்கொள்வேன். கேமும் செட்டிங்கும் ஒன்றாக இருந்தால், இரண்டில் எது சிறியதோ ஏறக்குறைய அதுதான் கைக்கு வரும். இன்னொன்று, 4கே-யில், சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். வசதியில் பெர்ஃபார்மன்ஸ் மோடு போட்டால் உள்ளே வரைவது 1080பி-தான். அப்படி ஆடுபவருக்கு அந்த ரிவ்யூ நேரடியாகவே பொருந்தும்.

கேள்வி: ஏ.எம்.டி. ரைசன் 7000 பிராசசர் வாங்கினேன். ரெண்டரிங் ஓட்டினால் 95 டிகிரி! கூலரை மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். முழுச் சுமையில் 95 டிகிரி வரை ஏறி, அங்கேயே நின்று, கிடைக்கும் வேகத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும்படிதான் ஏ.எம்.டி. அந்தத் தலைமுறையில் பல மாடல்களை வடிவமைத்தது. நீங்கள் பார்க்க வேண்டியது கிளாக், அதாவது பிராசசர் ஓடும் வேகம். சுமையில் அது பேஸ் கிளாக்குக்கு (தயாரிப்பாளர் சொல்லும் அடிப்படை வேகம்) மேலேயே இருந்தால் நலம். அறை சூடாவது டிகிரியால் இல்லை, வாட்டால். அது தொந்தரவாக இருந்தால் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடு போடுங்கள். 170 வாட் பிராசசரை 105 அல்லது 65 வாட்டுக்கு இறக்கலாம், பல வேலைகளில் வேகம் குறைந்ததே தெரியாது.

ஆனால் சும்மா இருக்கும்போதே 75, 80 காட்டினால் கதை வேறு. கூலரைக் கழற்றி, அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: டி.டி.ஆர்.5 ரேம் சிஸ்டத்தில் இரண்டு ஸ்லாட் காலியாக இருக்கிறது. அதே ரேமில் இன்னொரு ஜோடி வாங்கிப் போடலாமா அக்கா?

பதில்: டி.டி.ஆர்.4 காலத்தில் இதை யோசிக்காமல் செய்தோம். டி.டி.ஆர்.5-ல் யோசித்துச் செய்யுங்கள். நான்கு ஸ்டிக் போட்டால் மெமரி கன்ட்ரோலருக்கு வேலை கடினமாகிறது. ரைசன் 7000-க்கு ஏ.எம்.டி. அதிகாரபூர்வமாகச் சொல்வது, இரண்டு ஸ்டிக் என்றால் ரேம் வேகம் 5200, நான்கு என்றால் 3600. நடைமுறையில் அதற்கு மேலும் போகலாம், உறுதி கிடையாது. பழைய ஜோடியை விற்றுவிட்டு, பெரிய கொள்ளளவில் இரண்டே ஸ்டிக் வாங்குவது நல்லது. வாங்கிய பிறகு பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவை (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்ய மறக்காதீர்கள். 6000 என்று வாங்கி 4800-லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

சி.எல். எண்ணைப் (ரேம் பதில் தர எடுக்கும் தாமதத்தைக் குறிப்பது) பார்த்துப் பயந்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: சி.எல்.-ஐ 2000-ஆல் பெருக்கி ரேம் வேகத்தால் வகுத்தால் நானோ செகண்ட் கிடைக்கும். டி.டி.ஆர்.4 3200 சி.எல். 16-ம், டி.டி.ஆர்.5 6000 சி.எல். 30-ம் இரண்டுமே 10 நானோ செகண்ட்தான்.

கேள்வி: பவர் சப்ளை 80 பிளஸ் கோல்டு என்றால் தரமானது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. கோல்டு, பிரான்ஸ் எல்லாம் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரை. 115 வோல்ட் சோதனையில் கோல்டு என்றால் 20% சுமையில் 87%, பாதிச் சுமையில் 90%, முழுச் சுமையில் 87%. அவ்வளவுதான். ரிப்பிள் (வோல்டேஜில் வரும் சின்ன ஏற்ற இறக்கம்) எவ்வளவு, ஷார்ட் ஆனால் உடனே அணைகிறதா, சூடான கேபினட்டுக்குள் முழு வாட்டேஜைக் கொடுக்கிறதா என்ற கேள்விகளுக்கு அந்த முத்திரையில் பதில் இல்லை. இவற்றையெல்லாம் லோட் டெஸ்டரும் ஆசிலோஸ்கோப்பும் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) வைத்து அளந்த ரிவ்யூவைத்தான் நம்பலாம். பெட்டியைப் பிரித்து, கேமைப் போட்டு, "நன்றாக ஓடுகிறது" என்று முடிக்கும் வீடியோ பவர் சப்ளை ரிவ்யூவே அல்ல. கணினியில் மற்ற பாகம் கெட்டால் அது மட்டும் போகும். இது கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகலாம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

புதிய கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் மிக அதிகமாக மின்சாரம் உறிஞ்சும். இதற்காக 2022-ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்ற பவர் சப்ளை தரநிலை, குறிப்பிட்ட வாட்டேஜைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ செகண்ட் வரை தாங்க வேண்டும் என்றது. பெரிய கார்டு போடுபவர்கள் 3.0 அல்லது அதற்குப் பிந்தையதாகப் பாருங்கள். கார்டுக்கு மின்சாரம் தரும் 16 பின் கனெக்டரை முழுவதும் உள்ளே தள்ளுங்கள், இடைவெளியே தெரியக்கூடாது. அதன் கழுத்திலேயே கேபிளை மடக்காதீர்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய) பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டு புதியதில் செருகாதீர்கள். மதர்போர்டு பக்கம் எல்லாக் கேபிளும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்கம் எந்தப் பின்னில் என்ன வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். ஹார்டு டிஸ்க் அந்த நொடியே செத்துவிடும்.

கேள்வி: ஒரே ஆர்.டி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் சிப் போட்ட இரண்டு லேப்டாப்பில் ஒன்று வேகம், ஒன்று மந்தம். ஏன்?

பதில்: லேப்டாப்புக்கான 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓட்ட என்விடியா அனுமதிக்கிறது. பெயர் ஒன்று, கிடைக்கும் மின்சாரம் வேறு. ஸ்பெக் ஷீட்டில் டி.ஜி.பி. (கிராபிக்ஸுக்குக் கிடைக்கும் வாட்) என்ற எண்ணைத் தேடுங்கள். அதோடு, அரை மணி நேரம் ஓட்டிய பிறகு எடுத்த எண்கள் ரிவ்யூவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மெலிந்த லேப்டாப்புகள் முதல் சில நிமிடம் முறுக்காக ஓடிவிட்டுச் சூடானதும் இறங்கிவிடும்.

கேள்வி: சி டைப் கேபிளில் போன் நன்றாக சார்ஜ் ஆகிறது. ஃபைல் காப்பி மட்டும் ஆமை வேகம்.

பதில்: அது யு.எஸ்.பி. 2.0 கேபிள், நொடிக்கு 480 மெகாபிட்தான் வரும். போனோடு வருபவை பல அப்படித்தான். 5, 10 அல்லது 40 ஜிபிபிஎஸ் என்று அச்சிட்ட கேபிள் வாங்குங்கள். முதலில் போனே வேகமான யு.எஸ்.பி.யை ஆதரிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது இன்டெல் ஐ9 13900கே பிராசசர். சில மாதமாக கேம் திறக்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லி மூடிக்கொள்கிறது. கார்டில் 24 ஜிபி இருக்கிறது!

பதில்: கார்டை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். கோளாறு பிராசசரில் இருக்கலாம். 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் உள்ளே தேய்மானம் ஏற்படுவதை இன்டெல் 2024-ல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் 2024-ல் 0எக்ஸ்129, அடுத்த மாதம் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோட் (பிராசசரின் உள் மென்பொருள்) திருத்தங்களும் வந்தன. பயாஸைப் புதுப்பியுங்கள், இன்டெல் டிஃபால்ட் செட்டிங்கைப் போடுங்கள். ஆனால் திருத்தம் மேலும் தேயாமல் காக்குமே தவிர, தேய்ந்ததைத் திருப்பித் தராது. அதற்குப் பிறகும் மூடிக்கொண்டால் வாரன்டியில் மாற்றக் கேளுங்கள். பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இரண்டு வருடம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: 2017-ல் வாங்கிய பி350 மதர்போர்டு, முதல் தலைமுறை ரைசன் 1600. மொத்தத்தையும் தூக்கிப் போட மனமில்லை. வழி உண்டா?

பதில்: உண்டு, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கே சந்தோஷம். அதே ஏ.எம்.4 ஸாக்கெட்டில் (பிராசசரை மாட்டும் இடம்) 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசரின் சொந்த வேக நினைவகம்) உள்ள ரைசன் 5800எக்ஸ்3டி வரை போகலாம். 2022-ல் வந்த அந்தச் சிப் கேமில் இன்றும் நன்றாகவே நிற்கிறது. அது கிடைக்காவிட்டால் 5700எக்ஸ்3டி, கிளாக் சற்றுக் குறைவு, கேஷ் அதே 96 எம்பி. உங்கள் போர்டின் சப்போர்ட் பக்கத்தில் இந்தப் பிராசசரின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பழைய 1600 மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். புதியதை மாட்டிய பிறகு என்றால் போர்டு திறக்கவே திறக்காது. சில பழைய போர்டுகளில் இடையில் வந்த ஒரு பயாஸைப் போட்ட பிறகே கடைசி பயாஸ் ஏறும். அந்தக் குறிப்பையும் டவுன்லோடு பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள், வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.