டக்ளஸ், கிங் இருவரையும் வைத்து 'அடையாளமும் சுதந்திரமும்' பற்றி எழுதிய கட்டுரை "ரொம்பப் பொதுவாக இருக்கிறது" என்று திரும்பி வந்துவிட்டது. எப்படித் திருத்துவது?

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பித்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-ல் வெளியிட்ட தன்வரலாறு, கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1963-ல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதம், இந்த இரண்டையும் படித்துவிட்டு 1500 சொல்லில் உங்கள் சிந்தனையை எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்கிறீர்கள். கேள்வியோடு ஒட்டியிருந்த வரைவைப் படித்தேன். 'சுதந்திரம்' என்ற சொல் அதன் முதல் பத்தியில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் புத்தகத்திலிருந்து ஒரு பொருள், ஒரு தொகை, ஒருவர் பேசிய வாசகம் என்று எதுவுமே வரவில்லை. பொதுவாக இருக்கிறது என்று உங்கள் பேராசிரியர் சொன்னது இதைத்தான். பெரிய சொற்களைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் கிடக்கும் சின்ன விஷயங்களிலிருந்து தொடங்குங்கள். இரண்டு எழுத்தாளர்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

டக்ளஸ் புத்தகத்தின் பதினோராம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அவர் மேரிலாண்ட் மாநிலத்தின் பால்டிமோரில் கப்பல் கட்டும் துறையில் கலப்பற்று வேலை செய்கிறார். பலகை இடுக்குகளில் நாரைத் திணித்து நீர் புகாமல் அடைக்கிற வேலை அது. நாளுக்கு ஒன்றரை டாலர் கூலி. சனிக்கிழமை இரவு மொத்தத்தையும் எஜமான் ஹ்யூ ஆல்டிடம் கொடுத்துவிட வேண்டும். ஆல்ட் பணத்தை எண்ணுகிறார், முகத்தைப் பார்க்கிறார், "இவ்வளவுதானா?" என்கிறார். ஆறு டாலர் கொண்டுவந்த வாரங்களில் சில சமயம் ஆறு சென்ட்டைத் திருப்பிக் கொடுக்கிறார், உற்சாகப்படுத்துவதற்காம். டக்ளஸுக்கு உற்சாகம் வரவில்லை. பணம் முழுவதும் என்னுடையது என்பதை இவரே ஒப்புக்கொள்கிறார், அதனால்தான் இந்தக் காசைத் தருகிறார் என்று அவருக்குப் படுகிறது. அதைவிடக் கூர்மையான ஒன்றையும் அடுத்துச் சொல்கிறார்: அந்தச் சில காசுகள் எஜமானின் மனச்சாட்சியைச் சாந்தப்படுத்தி, தன்னை ஒரு நாணயமான கொள்ளைக்காரன் என்று அவர் நினைத்துக்கொள்ள வழி செய்துவிடுமோ என்று பயந்தேன் என்கிறார்.

அதே அத்தியாயத்தில் ஓர் ஒப்பந்தம் வருகிறது. டக்ளஸ் தானே வேலை தேடிக்கொள்ளலாம், கூலியைத் தானே பேசிக்கொள்ளலாம். பதிலுக்கு வாரம் 3 டாலர் ஆல்டுக்குக் கட்ட வேண்டும். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் இரண்டரை டாலர். துணி தேய்மானம், கருவித் தேய்மானம் எல்லாம் சேர்த்து வாரம் சுமார் 6 டாலர் செலவு. மழை பெய்தாலும் வேலை கிடைக்காவிட்டாலும் அந்தத் தொகை வந்தாக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு நாள் கூலி போன பிறகுதான் மிச்சம் என்ற பேச்சே. வேலை தேடும் உரிமை இருக்கிறது, பேரம் பேசும் உரிமை இருக்கிறது, எஜமான் கண்ணெதிரில் இல்லை. இருந்தும் அவர் அடிமைதான். அப்படியானால் என்ன குறைகிறது? இந்தக் கேள்வியை உங்கள் கட்டுரை கேட்டுவிட்டாலே பொதுத்தன்மை பாதி போய்விடும். அதற்குப் பதில் எழுதும்போது 'சுதந்திரம்' என்ற சொல் தானாக வரட்டும். அப்போது அதற்கு ஒரு பொருள் இருக்கும்.

அடையாளத்துக்கும் அதே அத்தியாயத்திலேயே இடம் இருக்கிறது. அம்மா வைத்த பெயர் ஃபிரெடரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி. நடுவில் இருந்த இரண்டையும் மேரிலாண்டில் இருந்தபோதே விட்டுவிடுகிறார். பால்டிமோரிலிருந்து கிளம்பும்போது ஸ்டான்லி. நியூயார்க்கில் ஜான்சன். நியூ பெட்ஃபோர்டு போனால் அங்கே ஏற்கெனவே நிறைய ஜான்சன்கள். ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துச் சொல்வதே சிரமம். தங்க இடம் கொடுத்த நேதன் ஜான்சனிடமே, எனக்கு ஒரு பெயர் தேர்ந்தெடுங்கள் என்று சொல்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை: 'ஃபிரெடரிக்' என்பதைத் தொடக்கூடாது, என் அடையாள உணர்வைக் காப்பாற்றிக்கொள்ள அதை நான் பிடித்துக்கொண்டாக வேண்டும். அடையாளம் என்று நாம் மொழிபெயர்க்கும் அதே ஆங்கிலச் சொல்லை டக்ளஸே அந்த இடத்தில் எழுதியிருக்கிறார். வால்டர் ஸ்காட்டின் கவிதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த ஜான்சன் அதிலிருந்து 'டக்ளஸ்' என்ற பெயரை எடுத்துக் கொடுக்கிறார். எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று ஒரு மனிதர் கோடு கிழிக்கிற அந்த நாலைந்து வரியை விட்டுவிட்டு, 'அடையாளச் சிக்கல்' என்று கைடு புத்தகத்திலிருந்து எடுத்து எழுதினால் பக்கம் நிறையும், அவ்வளவுதான்.

உங்கள் வரைவில் "டக்ளஸ் கல்வியின் மூலம் விடுதலை பெற்றார்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. இந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதுகிறவர்களிடம் அதிகம் காணும் பிழை இது. படிக்கக் கற்றது வரமா சாபமா என்று அவரே ஏழாம் அத்தியாயத்தில் தடுமாறுகிறார். நிலைமை எவ்வளவு கொடுமையானது என்று தெரிந்துவிட்டது, வெளியேற வழி மட்டும் தெரியவில்லை. எழுத்தறியாத சக அடிமைகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்கிறார். பன்னிரண்டு வயதில் அந்த வேதனை. தப்பித்தது 1838 செப்டம்பர் 3-ல், இருபது வயதில். நடுவில் எட்டு வருடம் இருக்கிறது. அந்த எட்டு வருடத்தில் அடி, பட்டினி, அடிமைகளை அடித்துப் பணியவைப்பதில் பேர்போன கோவி என்பவருடன் நடந்த சண்டை, ஒருமுறை திட்டமிட்டுப் பிடிபட்டது எல்லாம் அடக்கம். 'படித்தார், விடுதலையானார்' என்று எழுதினால் இதெல்லாம் காணாமல் போகிறது. "படிப்பு அவருக்கு முதலில் வலியைத்தான் கொடுத்தது" என்று மாற்றிப் பாருங்கள். அடுத்த பத்திக்கு வேலை கிடைக்கும்.

இன்னொரு பிழை: தப்பித்த விதம். மாலுமி வேடம், கடன் வாங்கிய கடலோடிச் சான்றிதழ், ரயில் பயணம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் 1845 புத்தகத்தில் அது கிடையாது. உதவியவர்களுக்கு ஆபத்து வரும், பின்னால் தப்பிக்க நினைப்பவர்களுக்கு வழி அடைபடும் என்பதால் சொல்ல மாட்டேன் என்று வெளிப்படையாகவே மறுத்துவிடுகிறார். முழு விவரம் 1881-ல் வந்த மூன்றாவது தன்வரலாற்றில்தான் இருக்கிறது. அவர் சொல்லாமல் விட்டதை நீங்கள் வேறு புத்தகத்திலிருந்து எடுத்து நிரப்பும்போது அந்த மறுப்பின் கனம் போய்விடுகிறது. இத்தனைக்கும் எஜமானின் பெயர், ஊர், மாவட்டம் எல்லாவற்றையும் அச்சில் போட்டவர் அவர். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவன் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று அவருடைய மேடைப் பேச்சைக் கேட்டவர்கள் சந்தேகப்பட்டதால் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது. சட்டப்படி அவர் அன்றும் ஆல்ட் குடும்பத்தின் உடைமை. அதனால்தான் அதே ஆண்டு ஆகஸ்டில் கப்பலேறினார். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் இருந்தபோது 1846-ல் அங்குள்ள நண்பர்கள் 150 பவுண்டு கொடுத்து அவரது விடுதலையை விலைக்கு வாங்கினார்கள்.

இனி கிங். 1963 ஏப்ரல் 12, புனித வெள்ளியன்று கைதானார். இனப்பிரிவினையை எதிர்த்து ஊர்வலம் போகக்கூடாது என்ற நீதிமன்றத் தடையை மீறியதற்காக. எட்டு மதகுருமார்கள் வெளியிட்ட அறிக்கைக்குப் பதிலாகத்தான் கடிதத்தைத் தொடங்கினார், முதலில் செய்தித்தாள் ஓரங்களில். இங்கே இரண்டு திருத்தம் வேண்டும். எட்டுப் பேரும் பாதிரியார்கள் அல்ல. ஒருவர் யூத ரபி. அடுத்து, அவர்களை இனவெறியர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே ஆண்டு ஜனவரியில், இனப்பிரிவினைக்கு எதிரான நீதிமன்றத் தீர்ப்புகளை மதிக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். ஏப்ரலில் அவர்கள் சொன்னது, போராட்டம் விவேகமற்றது, நேரம் சரியில்லை என்பதுதான். கடிதத்தின் கோபம் மிதவாத வெள்ளையர் மீது ஏன் இவ்வளவு திரும்புகிறது என்பது இது தெரிந்தால்தான் புரியும். எதிரியை நோக்கி எழுதிய கடிதம் என்று நினைத்துக்கொண்டு படித்தால், "ஏமாற்றம்" என்ற சொல் அத்தனை முறை ஏன் வருகிறது என்பது விளங்காது.

அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து ஆழமாக எழுதுங்கள். 'நீங்கள் இதைப் பார்த்திருக்கும்போது, அதைப் பார்த்திருக்கும்போது' என்று முந்நூறு சொல்லுக்கு மேல் ஓடி, கடைசியில்தான் காத்திருப்பது எங்களுக்கு ஏன் கடினம் என்று உங்களுக்குப் புரியும் என முடிகிற வாக்கியம். தமிழில் யோசிப்பவர்களுக்கு இங்கே ஒரு தடங்கல் உண்டு. நம் மொழியில் துணைவாக்கியங்கள் முன்னால் வந்து வினைமுற்று கடைசியில் வருவது இயல்பு. அதனால் இந்த வாக்கியம் நமக்கு வித்தியாசமாகத் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் முதன்மை வாக்கியத்தை இவ்வளவு தூரம் தள்ளிப்போடுவது வேண்டுமென்றே செய்வது. காத்திருங்கள் என்று சொன்னவர்களை அந்த ஒரு வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வைக்கிறார் கிங். தமிழில் மொழிபெயர்த்துப் படித்தவர்கள் மூல வாக்கியத்தை ஒருமுறை சத்தமாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

அந்த வாக்கியத்துக்குள்ளேயே பெயர் பற்றிய வரி இருக்கிறது: உங்கள் முதல் பெயர் ஒரு வசைச்சொல் ஆகிவிடுகிறது, எத்தனை வயதானாலும் நடுப்பெயர் 'பையா', கடைசிப் பெயர் 'ஜான்', மனைவிக்கும் அம்மாவுக்கும் 'திருமதி' என்ற மரியாதை ஒருநாளும் கிடைப்பதில்லை. 'டேய்', 'அவன்', 'அவர்', 'நீங்க' என்று ஒவ்வொரு சொல்லிலும் மரியாதையை அளந்து பேசுகிற மொழி நம்முடையது, இந்த வரியின் காயம் நமக்கு விளக்காமலே தெரியும். வெறும் உணர்ச்சி என்று யாரும் ஒதுக்கிவிடாமல் இருக்க ஒரு வழக்கைச் சேருங்கள். அதே 1963-ல் அலபாமாவின் கேட்ஸ்டன் நகரில் நடந்த நீதிமன்ற விசாரணையில் மேரி ஹாமில்டன் என்ற உரிமைப் போராளியை அரசு வழக்கறிஞர் 'மேரி' என்று அழைத்தார். 'மிஸ் ஹாமில்டன்' என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்றார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம். 1964 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஃபிரெடரிக் என்ற பெயரைப் பிடித்துக்கொண்ட டக்ளஸையும் இவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

இருவரும் கேட்பது ஒன்றே அல்ல என்பதையும் கட்டுரை காட்ட வேண்டும். டக்ளஸ் எழுதும்போது அவர் உடலே சட்டப்படி இன்னொருவருடையது. 1865-ல் அமெரிக்க அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது, 1868-ல் 14-ஆம் திருத்தம் குடியுரிமை தந்தது, 1870-ல் 15-ஆம் திருத்தம் இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்றது. கிங் 1963-ல் கேட்பது ஏற்கெனவே காகிதத்தில் எழுதி வைத்ததை. இந்த ஆண்டுகளைப் படிக்கும்போதே புத்தக ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் இரண்டு மூன்று வரிக்கு மேல் வேண்டாம்.

'சிந்தனைக் கட்டுரை' என்பதால் 'நான்' வரலாம். ஆனால் "படித்தபோது மிகவும் வருத்தமாக இருந்தது" என்பது சிந்தனை ஆகாது. முன்பு என்ன நினைத்திருந்தேன், எந்த வரி அதை அசைத்தது, இப்போதும் எதில் எனக்குத் தெளிவில்லை, இந்த மூன்றும் இருந்தால் போதும். டக்ளஸின் இரண்டாம் அத்தியாயத்தில் அடிமைகள் பாடிக்கொண்டே போகும் இடம் இதற்கு நல்ல பயிற்சி. பாடுகிறார்கள், ஆகவே மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று அடிமை முறை இல்லாத வட மாநிலங்களில் பலர் நினைத்ததைக் கேட்டு அவர் திகைத்துப்போனதாகச் சொல்கிறார். நீங்களும் முதல் வாசிப்பில் அப்படி நினைத்திருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

சாதியோடு ஒப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடைசிப் பத்தியில் அவசரமாக ஒட்டுவதாக இருந்தால் வேண்டாம். செய்வதானால் உறுதியான வாசல் ஒன்று இருக்கிறது. 1959-ல் இந்தியா வந்த கிங்கைத் திருவனந்தபுரத்தில், தீண்டாமைக்கு ஆளான சமூகங்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ச்சியும் மனத்தாங்கலும் வந்ததாகவும், யோசித்துப் பார்த்து ஆமாம், நான் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டதாகவும் 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் செய்த பிரசங்கத்தில் அவரே சொன்னார். அந்தத் தயக்கத்திலிருந்து தொடங்கினால் ஒப்பீடு நிற்கும்.

அளவு விஷயம்: 1500 சொல்லில் ஆசிரியர் அறிமுகத்துக்கு 100 சொல் போதும். ஆளுக்கு ஒரு பகுதி, ஒவ்வொன்றும் மூலத்தில் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிங்கின் கடிதம் 1963-ல் துண்டறிக்கையாக வந்தது. 1964-ல் அவருடைய நூலில் சேர்ந்தபோது சில இடங்களில் சொற்களை மாற்றியிருக்கிறார். எதைப் படித்தீர்கள் என்று குறிப்பிட்டுவிட்டு, பக்க எண்ணுக்குப் பதில் பத்தி எண் கொடுத்தால் சரிபார்க்க எளிது. மேற்கோளுக்குள் அந்தக் காலத்துச் சொல் இருக்கலாம், உங்கள் வாக்கியத்தில் 'கறுப்பின மக்கள்' என்றே எழுதுங்கள். சிறுவன் டக்ளஸை 'அவன்' என்றும் பெரியவரான பின் 'அவர்' என்றும் எழுதுகிறீர்கள். அது தெரிந்தே செய்ததா என்று ஒருமுறை யோசித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டுரை முழுக்க அப்படியே வையுங்கள்.

முடிவில் "கனவு நிறைவேறியது" என்று வைத்திருப்பதை எடுத்துவிடுங்கள். 1964-ல் குடிமை உரிமைகள் சட்டமும் 1965-ல் வாக்குரிமைச் சட்டமும் வந்தன. ஆனால் பர்மிங்காம் தடையை மீறிய அதே வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கிங்குக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, அவர் அலபாமாவுக்குத் திரும்பிப் போய் மறுபடி சிறையில் இருந்தார். உங்கள் கடைசிப் பத்தியை அந்த 1967-லிருந்து எழுதிப் பாருங்கள். புது வரைவை இதே கேள்வியின் கீழ் ஒட்டினால் படித்துச் சொல்கிறேன்.